கட்டாயக் கல்யாணம்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டை, எண்ணூர் பக்கங்களில் ஆசிரியைகளும் அங்கன்வாடி ஊழியர்களும் பக்கத்து வீட்டு அக்காக்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கல்லூரி மாணவிகள் சிலர் தங்களுக்காகவே கேட்டதும் உண்டு. விஷயம் அவசரம் என்றால் மீதியைப் பிறகு படியுங்கள், இப்போது போன் செய்யுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் 1098. 18 தாண்டிய பெண் என்றால் 181. இந்த நிமிஷமே ஆபத்து என்றால் 112. மூன்றும் இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

பெரியவங்க பார்த்து முடிக்கிற கல்யாணம் எல்லாமே கட்டாயக் கல்யாணமா?

இல்லை. ஜாதகம் பார்த்து, தரகர் மூலம் வந்து, பெண் பார்த்து, தட்டு மாற்றி நடக்கிற கல்யாணத்தில் பெண்ணுக்கும் பையனுக்கும் சம்மதம் இருந்தால் அதில் யாருக்கும் வேலை இல்லை. சம்மதம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: “வேண்டாம்” என்று அவள் சொன்னால் அன்று ராத்திரி அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடக்கும்? அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்றால் அது வீட்டுச் சண்டை. போனைப் பிடுங்குவார்கள், அறையில் பூட்டுவார்கள், அடிப்பார்கள், காலேஜை நிறுத்துவார்கள், அம்மா மண்ணெண்ணெய் கேனைத் தூக்குவாள் என்றால், பிறகு அவள் மணமேடையில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாலும் அது கட்டாயம்தான். தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் நமக்கு ரொம்ப நாளாக இருக்கிறது.

18 வயது ஆகாத பெண் விஷயத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அவளே ஆசைப்பட்டாலும் சட்டப்படி அது குழந்தைத் திருமணம்.

வயசு 21 ஆக்கிட்டாங்களாமே?

ஆகவில்லை. பெண்ணின் திருமண வயதை 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. 2024-ல் அந்த மக்களவை கலைந்ததோடு மசோதாவும் காலாவதியாகிவிட்டது. இன்றைக்கும் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. “எங்க மதத்துல வேற மாதிரி” என்று சிலர் சொல்வார்கள். 18 வயதுக்குக் கீழுள்ள எல்லாப் பிள்ளைகளையும் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் மதம் பார்ப்பதில்லை.

வயதுக்கு ஆதாரம் கேட்டால் உடனே ஆதார் அட்டையை நீட்டுவார்கள். சிறார் நீதிச் சட்டம் வயதை நிர்ணயிக்கச் சொல்லும் வரிசையில் ஆதார் கிடையாது. முதலில் பள்ளிக்கூடம் தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, அது இல்லையென்றால் மாநகராட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. பள்ளி ரெஜிஸ்டரில் இருக்கும் தேதி எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது தலைமையாசிரியர்களுக்கே பல சமயம் தெரிவதில்லை.

எதைப் பார்த்துச் சந்தேகப்படலாம்?

தேதியைப் பாருங்கள். பொதுத்தேர்வு முடிந்த கையோடு ஒரு அலை வரும். ஆடி மாதம் சும்மா இருக்கும். ஆவணி பிறந்ததும் டிசி கேட்டு யாராவது ஆபீஸ் ரூமில் நிற்பார்கள். “ஊரோட போறோம் டீச்சர்” என்பார்கள், எந்தப் பள்ளியில் சேர்க்கப்போகிறார்கள் என்று கேட்டால் பதில் வராது.

அப்புறம் வீட்டில் நடந்தவை. அப்பா திடீரென்று இறந்திருப்பார். அக்கா யாரோடோ போயிருப்பாள், தங்கையையாவது சீக்கிரம் ‘ஒரு இடத்துல’ கொடுத்துவிட வேண்டும் என்று அவசரம் வந்திருக்கும். ஆயா படுத்த படுக்கையாக இருப்பாள், “கண்ணு மூடுறதுக்குள்ள பாத்துடணும்” என்று பேச்சு ஓடும். தாய்மாமன் அடிக்கடி வருவார், வரும்போதெல்லாம் புது டிரெஸ் வரும். பெண்ணைப் பையன் ஒருவனோடு யாராவது பார்த்திருப்பார்கள். இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. இரண்டு மூன்று சேர்ந்தால் விசாரியுங்கள்.

பெண்ணிடம் தெரிவது வேறு. நன்றாகப் படித்தவள் ஹோம்வொர்க் செய்வதை நிறுத்திவிடுவாள். தோழியின் போனிலிருந்து பேசுவாள். டூர் பணத்தைக் கட்ட மாட்டாள், ஏனென்றால் டூர் நடக்கிற மாதத்தில் அவள் இருக்கப்போவதில்லை. கையைக் கிழித்துக்கொண்ட தழும்பு தெரிந்தால் அன்றைக்கே பேசுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஆசிரியருக்கு முன்னால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுவதும் உண்டு. எம்.சி. ரோடு பக்கம் ஒரு தையல்கார அக்காவிடம் பட்டுப் புடவைக்கு ரவிக்கை அளவு கொடுக்க ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். ஸ்கூல் யூனிஃபார்மோடு வந்து நின்றிருக்கிறாள். “ரெண்டு இன்ச் உள்ள விட்டுத் தைங்க, கல்யாணத்துக்கு அப்புறம் உடம்பு போடும்” என்றாராம் கூட வந்தவர். அக்கா அளவு எடுக்கிற சாக்கில் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், “எத்தினாவது படிக்கிற கண்ணு?” என்று மட்டும் கேட்டார். ரவிக்கையை வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லிவிட்டு 1098-ஐக் கூப்பிட்டார். மண்டப மேனேஜர், பத்திரிகை அடிப்பவர், பேனர் போடுபவர், பியூட்டி பார்லர்காரர் எல்லோருக்கும் இது முடியும்.

சந்தேகம் வந்தால் முதலில் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்க்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நல்ல மனசோடு செய்கிற காரியம்தான் இது. “அவங்க அம்மா எனக்குத் தெரிஞ்சவங்கதான், எடுத்துச் சொன்னா கேப்பாங்க” என்று டீச்சர் போவார். ஏரியா பெரியவர் ஒருவரை வைத்துப் பேசலாம் என்பார்கள். அம்மா காபி கொடுத்து, “அய்யய்யோ, சும்மா பேச்சுக்குப் பாத்தோம் டீச்சர், பொண்ணு படிக்கட்டும்” என்று சொல்லி அனுப்புவாள். டீச்சர் நிம்மதியாகத் திரும்பிய ராத்திரியே முகூர்த்தத் தேதி முன்னுக்கு வரும். பெண்ணின் போன் போகும், பெண் ஊருக்குப் போவாள். வெளியே சொன்னதற்கு அடியும் விழும். உங்களிடம் வாய் திறந்த ஒரே குற்றத்துக்காக அவள் கடைசி வாசலையும் இழப்பாள். பெரியவர்களை வைத்துப் பேசுவதிலும் இதே சிக்கல். அந்தப் பெரியவர்கள் காப்பாற்ற நினைப்பது குடும்ப மானத்தை. பெண் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பெண்ணோடு தனியாகப் பேசுங்கள். பிறகு 1098 அல்லது 181. வீட்டாரிடம் பேசுவதை அதற்கென்று அதிகாரம் உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். சென்னைக்கு ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸான சிங்காரவேலர் மாளிகையில் அவர் அலுவலகம் இருக்கிறது. திருவொற்றியூரும் மாதவரமும் 2018 முதல் சென்னை மாவட்டத்தில்தான் வருகின்றன.

பெண்ணிடம் எப்படிக் கேட்பது?

தனியாகக் கேளுங்கள். அம்மாவோ அத்தையோ தங்கையோ காது கேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. மொழிபெயர்க்கச் சொந்தக்காரரைக் கூப்பிடாதீர்கள். இங்கே தெலுங்கும் உருதுவும் இந்தியும் பேசுகிற வீடுகள் உண்டு என்பதால் சொல்கிறேன். “உனக்குக் கல்யாணமாமே?” என்று தொடங்கினால் “இல்ல மிஸ்” என்று முடிந்துவிடும். “லீவுக்கு எங்க போறீங்க? எப்ப திரும்பி வருவ?” என்று தொடங்குங்கள். இரண்டாவது கேள்வியில் கண் கலங்கினால் உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

“யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். “உன் வீட்டுக்குச் சொல்ல மாட்டேன், உதவி செய்யறவங்களுக்குச் சொல்லுவேன்” என்பது உண்மையும் கூட. முழுப் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பேசப்படும் மாப்பிள்ளையின் பெயர், ஊர், கேள்விப்பட்ட தேதி, ஆபத்தில்லாமல் அவளை எட்டக்கூடிய ஒரு போன் நம்பர். இவற்றை அன்றைக்கே வாங்கி எழுதி வையுங்கள், மறுநாள் அவள் பள்ளிக்கு வராமல் போகலாம். அவள் போனுக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். அதைப் படிப்பது அவளாக இருக்காது.

1098-க்கு அடித்தால் என்ன ஆகும்? ஹோமில் போட்டுவிடுவார்களா?

பிள்ளைகளுக்குக் கல்யாணத்தைவிட இந்தப் பயம் பெரிது, அதனால் மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். கல்யாண ஆபத்தில் இருக்கும் குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகவே சிறார் நீதிச் சட்டம் வைத்திருக்கிறது. அலுவலர்கள் வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள். குழந்தைகள் நலக் குழு முன் அவளை அழைத்துச் செல்வார்கள். குழு அவளிடம் கேட்கும், பெற்றோரையும் கேட்கும். வீடு பாதுகாப்பானது என்று தெரிந்தால் இப்போது கல்யாணம் செய்ய மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே அனுப்பும். இல்லையென்றால் சில காலம் காப்பகத்தில் இருக்க நேரலாம். அங்கிருந்தும் படிக்கலாம், பரீட்சை எழுதலாம்.

எழுதி வாங்குவதோடு விட்டுவிட்டால் எனக்குத் திருப்தி இல்லை. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வாரமே வேறு ஊரில் தாலி கட்டுகிறார்கள். 2006-ம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்க வழி செய்கிறது. அந்த உத்தரவை மீறி நடக்கும் குழந்தைத் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. மீறியவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அலுவலரிடம் “தடை உத்தரவுக்குப் போட்டாச்சா?” என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

கல்யாணம் இங்கே இல்லை, மீஞ்சூர் தாண்டி நடக்கப்போகிறது. யாரிடம் சொல்வது?

மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டம். தடா, சூலூர்ப்பேட்டை போனால் ஆந்திரா. இந்த எல்லைகளைத் தெரிந்தேதான் சிலர் அங்கே வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு இதைப் பற்றிக் கவலை வேண்டாம். 1098 இந்தியா முழுக்க உண்டு, 112-ம் அப்படியே. பெண்ணின் வீடு, கல்யாண இடம் இரண்டையும் சொல்லுங்கள். இடம் தெரியவில்லை என்றால் ‘சின்னக் கோயில், டிரெயின்ல போறாங்க, ஞாயிறு விடியகால முகூர்த்தம்’ என்ற அளவுக்குச் சொன்னாலும் தேடுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

தாலி கட்டியாச்சு. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். 18 வயதுக்குள் கட்டப்பட்ட பெண் தனக்கு 20 வயது நிறைவதற்குள் எப்போது வேண்டுமானாலும் அந்தத் திருமணத்தை ரத்துசெய்யக் கோரி மனு போடலாம். சென்னையில் குடும்ப நல நீதிமன்றம் ஐகோர்ட் வளாகத்தில் இருக்கிறது. இன்னும் 18 ஆகவில்லை என்றால் காப்பாளர் அல்லது அவள் சார்பாக ஒருவர், தடுப்பு அலுவலரோடு சேர்ந்து போடலாம். குழந்தை பிறந்திருந்தால் அது சட்டப்படியான குழந்தைதான், ஜீவனாம்சமும் கேட்கலாம். கடத்தியோ மிரட்டியோ ஏமாற்றியோ விற்றோ நடந்த குழந்தைத் திருமணம் என்றால் அது செல்லவே செல்லாது.

18 தாண்டியவளை மிரட்டிக் கட்டியிருந்தால் 1955 இந்து திருமணச் சட்டத்தில் வேறு வழி. மிரட்டல் நின்ற நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் ரத்து கேட்க வேண்டும். நாள் ஓடிவிடும், சீக்கிரம் வக்கீலைப் பாருங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-ல் கூப்பிடலாம்.

குழந்தைத் திருமணத்தில் யாருக்குத் தண்டனை? 18 தாண்டிய மாப்பிள்ளைக்கு, நடத்தி வைத்தவருக்கு, பெற்றோருக்கு. 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். ஜாமீனில் விட முடியாத குற்றம். பெற்றோர் என்ற பொறுப்பில் குற்றம் செய்தவர் பெண்ணாக இருந்தால் அபராதம் உண்டு, சிறை இல்லை. “எங்கம்மாவ ஜெயில்ல போடுவாங்களா மிஸ்?” என்று பிள்ளைகள் கேட்கும்போது இதைச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் வாய் திறக்கிறார்கள்.

பையனோடு ஓடிப்போய்ட்டா. ஊர் வாயை மூட இரண்டு பேருக்கும் கட்டிவைத்தால் என்ன தப்பு?

நம் பக்கத்தில் குழந்தைத் திருமணம் பலவும் இந்த வழியாகத்தான் வருகிறது. 16 வயதுப் பெண், 19 வயதுப் பையன். பயத்தில் பெரியவர்கள் கோயிலில் வைத்து முடித்துவிடுவார்கள். இதில் பையன் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியது: 18 வயதுக்குக் கீழுள்ள மனைவியோடு உறவு வைப்பதும் வன்புணர்வே என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கர்ப்பம் ஆனதும் அரசு தரும் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணுக்குப் பதியும்போதே வயது தெரியும். மகப்பேறு ஆஸ்பத்திரியில் சொல்லியே ஆக வேண்டும், போக்சோவில் மறைத்தவரும் குற்றவாளி. மானத்துக்காகக் கட்டிய தாலி அந்தப் பையனை ஜெயிலில் கொண்டு விடும்.

கெடுத்தவனுக்கே கட்டிவைத்தால் கேஸ் போய்விடும் என்று பஞ்சாயத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். போகாது. அது இரண்டாவது குற்றம், பேசியவர்களும் மாட்டுவார்கள்.

எனக்கு 22 வயது. “இந்த மாப்பிள்ளையக் கட்டலன்னா செத்துடுவேன்”னு அம்மா சொல்றாங்க. இதற்கெல்லாம் சட்டம் உண்டா?

உண்டு, இதே வார்த்தையில் உண்டு. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான விதிகளோடு இணைத்திருக்கும் படிவத்தில் வார்த்தை வழியாகவும் மனதளவிலும் செய்யும் கொடுமைகளின் பட்டியல் இருக்கிறது. விருப்பமில்லாதபோது கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்துவது, விரும்பியவரைக் கட்டவிடாமல் தடுப்பது, அவர்கள் சொல்லும் ஆளைத்தான் கட்ட வேண்டும் என்பது, படிப்பை நிறுத்துவது, வீட்டை விட்டு வெளியே போகவிடாமல் வைப்பது, தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டுவது எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. இந்தச் சட்டம் புருஷன் வீட்டுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். பிறந்த வீட்டுக்கும் பொருந்தும். 181-ல் பேசினால் பாதுகாப்பு அலுவலரிடம் சேர்ப்பார்கள். கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டிலிருந்து துரத்தக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாமலே. அம்மா நிஜமாகவே அப்படிச் செய்துகொள்வாரோ என்று பயமாக இருந்தால் 14416-ல் மனநல ஆலோசகர் பேசுவார். அம்மாவும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்தினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 87-வது பிரிவில் 10 ஆண்டு வரை தண்டனை. கடத்தியவர் சித்தப்பாவாக இருந்தாலும் அதேதான்.

வீட்டை விட்டு வந்தால் ‘காணவில்லை’ என்று புகார் கொடுப்பார்களே?

கொடுப்பார்கள். 18 தாண்டியவர் “என் இஷ்டத்தில்தான் வந்தேன், வீட்டுக்குப் போக விருப்பமில்லை” என்று போலீஸிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ சொன்னால் அவரை வீட்டாரோடு அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. கிளம்பும் முன்பே கைப்பட ஒரு கடிதம் எழுதி, நகல் வைத்துக்கொண்டு, உங்கள் ஏரியா காவல் நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவது நல்லது. பத்தாவது மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக், சாப்பிடும் மாத்திரை, கொஞ்சம் காசு. நகையை விட்டுவிடுங்கள், எடுத்தால் திருட்டுப் புகார் வரும். போனில் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள். அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றால் வெளியிலிருக்கும் தோழியே ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம். சாதி மாறிக் காதலித்ததுதான் காரணம் என்றால் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் போலீஸுக்குச் சொன்ன கடமைகள் இருக்கின்றன, வக்கீலிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஆம்பளப் பசங்களுக்கும் இது நடக்குமா?

நடக்கும். குடியை நிறுத்தவும், மனநலம் சரியாகவும், ‘கல்யாணம் பண்ணா தெளிஞ்சிடுவான்’ என்று கட்டிவைப்பார்கள். அங்கே இரண்டு பேர் வாழ்க்கை போகும். ஆண்மீது ஆசை உள்ள ஆணையும், பெண்மீது ஆசை உள்ள பெண்ணையும் இப்படித்தான் ‘சரிசெய்ய’ப் பார்க்கிறார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், இப்படி வந்த வயதுவந்தவர்கள் விருப்பத்தோடுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் ‘காணவில்லை’ புகாரை முடித்துவிட வேண்டும், தொல்லை கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

லண்டனில் வளர்ந்த அக்கா மகளை லீவுக்கு என்று கூட்டிவந்து மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இங்கே என்ன செய்ய?

பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இங்கிலாந்தில் 2014 முதல் கட்டாயக் கல்யாணம் தனிக் குற்றம், வெளிநாட்டில் நடத்தினாலும் சேர்த்து. 2023 முதல் திருமண வயதும் 18. அவளிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் சென்னையில் உள்ள பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தைக் கூப்பிடலாம், நம்முடைய 1098-ம் 181-ம் அவளுக்கும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது: விமானம் ஏறும் முன் உள்ளாடைக்குள் ஒரு ஸ்பூனை வைத்துக்கொள். மெட்டல் டிடெக்டர் கத்தும், தனியாகக் கூட்டிப்போய்ச் சோதிப்பார்கள், அங்கே வாயைத் திற.

படிக்க வைக்கப் பணம் இல்லை, அதனால்தான் கட்டிக்கொடுக்கிறோம் என்கிறார்களே?

பாதி நேரம் அது நிஜம், அவர்களைத் திட்டிப் பயனில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேலே படிக்கிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் நம்ம பாரதி பெண்கள் கல்லூரியில்தான் தொடங்கியது. 2024 டிசம்பர் முதல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அதற்கு முந்தைய திட்டத்தில் கல்யாணத்துக்குத்தான் பணம், இப்போது படிப்புக்கு. ப்ளஸ் டூ வகுப்பு அம்மாக்களிடம் இதைச் சொல்ல வேண்டிய மாதம் பிப்ரவரி. ஜூனில் சொன்னால் பத்திரிகை அடித்திருப்பார்கள்.

போன் செய்தது நான்தான் என்று தெரிந்துவிடுமா?

பெயர் சொல்லாமலே 1098-ல் தகவல் கொடுக்கலாம். ஆனால் ஹவுசிங் போர்டில் குடியிருந்தால் யார் சொல்லியிருப்பார்கள் என்று அவர்களே ஒரு கணக்குப் போடுவார்கள், பெரும்பாலும் தப்பாக. அந்தக் கணக்கில் பெண்ணின் தோழி மாட்டக் கூடாது. அதனால் அலுவலர்களிடம் “பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவு பாக்க வந்தோம்னு சொல்லிட்டுப் போங்க” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு நாளில் யாரும் வரவில்லை என்றால் மறுபடி கூப்பிட்டு, முதல் போனுக்குக் கொடுத்த பதிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.